கல்லூரி வாயிலில் கேட்க வேண்டிய வினா

 

திண்டிவனத்தில் சாலைகள் பிரிகின்றன. விழுப்புரத்தில் தொடர்வண்டித் தடங்கள் பிரிகின்றன. சென்னைக்கும் திருச்சிக்கும், புதுவைக்கும் திருவண்ணாமலைக்கும், காட்பாடிக்கும் மயிலாடுதுறைக்கும் இவ்விரண்டு ஊர்களிலிருந்தும் வழியுண்டு. வழி பலவாகப் பிரியுமிடத்தில் வழி தவறுவதும் எளிது. ஆண்டுதோறும் மேத் திங்களில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் இவ்வூர்களின் சுவர்களும் பேருந்துகளும் கல்லூரி விளம்பரங்களைச் சுமக்கத் தொடங்கிவிடுகின்றன. கண்ணாடி மாளிகை, நீச்சற்குளம், குளிரூட்டிய வகுப்பறை, பட்டம் வாங்குமுன்பே வேலை! இவ்வளவும் சொல்லும் விளம்பரம், கற்பிக்கப்போகும் ஆசிரியர் யாவர், அவர் எம்மொழியில் கற்பிப்பார் என்பதை மட்டும் சொல்வதில்லை.

மயிலத்திற்கு அருகே ஒரு சிற்றூர்; கூலி வேலை செய்யும் ஒரு தந்தை; அக்குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பைக் கடந்த முதற்பிள்ளை அவர் மகள் என்று வைத்துக்கொள்க. அவள் தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்தவள். நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறாள். அடுத்து என்ன செய்வது? தந்தைக்குத் தெரியாது, தாய்க்கும் தெரியாது. தெரிந்தவர்போல் வந்து திண்ணையில் அமர்கிறவர் ஒருவர் இருக்கிறார். "பிள்ளையின் சான்றிதழ்களைக் கொடுங்கள், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் அவர். சேர்த்துவிடும் ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று கல்லூரியிடம் பெற்றுக்கொள்ளும் தரகர் அவர் என்பது அந்தத் தந்தைக்கு எப்படித் தெரியும்? மாட்டுத் தரகராவது மாட்டின் பல்லைப் பிடித்துக் காட்டுவார். கல்லூரித் தரகரோ கட்டடத்தின் படத்தைக் காட்டுவதோடு சரி.

இந்த மண்ணில் உயர்கல்வி எளிதாக வந்து வாய்த்துவிடவில்லை. மயிலத்தில் பொம்மபுர மடத்தார் 1938-ஆம் ஆண்டிலேயே தமிழ்க் கல்லூரி கண்டனர். எனினும் கலையும் அறிவியலும் பயில விரும்பிய பிள்ளைகள் நெடுங்காலம் சிதம்பரத்திற்கோ சென்னைக்கோதான் பெட்டி தூக்க வேண்டியிருந்தது. 1968-இல் விழுப்புரத்திலும், 1969-இல் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் தோன்றின. முன்னது அறிஞர் அண்ணாவின் பெயரையும், பின்னது அவர்தம் அமைச்சரவையில் வேளாண்துறையைத் தாங்கிய ஆ. கோவிந்தசாமியின் பெயரையும் இன்றும் சுமந்து நிற்கின்றன. உழவர் வீட்டுப் பிள்ளை காலையில் பேருந்தேறிப் படித்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம் என்னும் நிலை அப்போதுதான் பிறந்தது.

கல்லூரி வந்தபின்னும் அதற்குள் இடம் வேண்டுமே! 1987 செப்தம்பர் 17-ஆம் நாள் தொடங்கி ஒரு கிழமை நடந்த சாலை மறியலை இப்பகுதியில் மறந்தவர் இலர். அந்த இடவொதுக்கீட்டுப் போராட்டத்தில் 21 பேர் உயிர் ஈந்தனர். 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கென 20 விழுக்காடு தனியே வகுக்கப்பட்டது. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டைக் காத்தது. அந்த 21 பேர்க்கும் விழுப்புரத்தில் எழுப்பப்பட்ட மணிமண்டபம் 2025 சனவரியில் திறக்கப்பட்டது. இத்துணை விலை கொடுத்துப் பெற்ற இடத்தை, அப்படியோர் இடம் தமக்கு உண்டென்று அறியாமலேயே ஒரு குடும்பம் விட்டுவிட்டு, வயலை அடகு வைத்து வேறெங்கோ பணம் கட்டுகிறது என்றால் அதனை என்னென்பது?

ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் சிலவற்றை விடாமல் கேட்டறிய வேண்டும்.

முதற்கண், பட்டச் சான்றில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறிக்கப்படும் என்பது. இது வெற்று வினா அன்று. விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 2002-இல் வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தோன்றியபின் அதனோடு இணைந்தன. 2021-இன் தொடக்கத்தில் விழுப்புரத்திலேயே ஒரு பல்கலைக்கழகம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் மற்றொரு சட்டத்தால் அது கலைக்கப்பட்டது. கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கப்பட்டன. ஆட்சி மாறினால் பலகை மாறும். மாணாக்கனோ மூன்றாண்டும் அதே வகுப்பறையில்தான் அமர்ந்திருக்கிறான்! நல்வாய்ப்பாக இவையெல்லாம் அரசு அமைத்த பல்கலைக்கழகங்கள், பட்டத்திற்குக் குறைவில்லை. ஆனால் பல்கலைக்கழகமே அல்லாத இடங்களும் அப்பெயரைச் சூட்டிக்கொண்டு நாட்டில் உலவுகின்றன. அத்தகைய போலிகளின் பட்டியலைப் பல்கலைக்கழக நல்கைக் குழு வெளியிட்டு வருகிறது. மருத்துவம், சட்டம், செவிலியம், ஆசிரியப் பயிற்சி ஆகியவற்றுக்கு அவ்வத்துறைக்குரிய மன்றத்தின் ஒப்புதலும் தனியே வேண்டும். "தன்னாட்சிக் கல்லூரி" என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பதைக் கண்டு மயங்கவும் வேண்டா. பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையே அது. பட்டம் வழங்குவது அப்போதும் பல்கலைக்கழகமே.

அடுத்தது, கற்பிப்பவர் யார் என்பது. 1984-இல் தனியார் பொருளில் நடக்கும் பொறியியற் கல்லூரிகளுக்குக் கதவு திறந்துவிடப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் பொறியியற் கல்லூரிகள் நானூற்றுக்கும் மேல். இவற்றில் நல்லனவும் உண்டு. அதனை மறுப்பது அறமாகாது. எனினும் 2024-இல் வெளிவந்த செய்தி பெற்றோர் எல்லாரும் நினைவில் வைக்கத்தக்கது. ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே வேளையில் பல கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலில் இருந்ததை அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது. அண்ணா பல்கலைக்கழகமும் உசாவலில் இறங்கியது. ஒருவர் ஒரே நேரத்தில் பத்துக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார் என்றால் ஒன்பது வகுப்பறைகளில் ஆசிரியர் இல்லை என்று பொருள். பலகையில் உள்ள பெயர்களை நம்பாமல், அக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளை வாயிலுக்கு வெளியே நிறுத்திக் கேளுங்கள். ஆய்வகம் திறக்கிறதா, எத்தனை ஆசிரியர் ஓராண்டுக்குள் விலகிச் சென்றனர், முதல் நாள் சொன்ன கட்டணம் ஒன்று, பின்னர் வாங்கியது ஒன்றா என்பதையெல்லாம் அவர்களே சொல்லிவிடுவர்.

கேட்காமல் விட்டதன் விலை எவ்வளவு கொடியதாக இருக்கக்கூடும் என்பதற்கு இம்மாவட்டமே சான்று. 2016 சனவரியில், அன்று விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த கள்ளக்குறிச்சிப் பகுதியில், தனியார் இயற்கை மருத்துவக் கல்லூரி ஒன்றில் பயின்ற மூன்று மாணவியர் உயிரிழந்தனர். மிகையான கட்டணம், போதிய ஆசிரியரும் ஏந்துகளும் இல்லாமை ஆகியவற்றைக் குறித்து அக்கல்லூரி மாணாக்கர் அதற்கு முன்பே அரசு அலுவலர்களிடம் முறையிட்டிருந்தனர். முறையீட்டைக் கேட்க வேண்டிய காதுகள் காலத்தில் கேட்கவில்லை. அப்பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோரைக் குறை கூற யாருக்கும் வாயில்லை. ஒப்புதல் அளித்ததோடு கடமை முடிந்ததென்று இருந்தவர்களே அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். தலைக்கட்டு நன்கொடை வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992 முதல் சட்டம் உண்டு. தனியார் தொழிற்கல்லூரிகளுக்குக் கட்டணத்தை வரையறுக்க ஒரு குழுவும் உண்டு. அக்குழு வரையறுத்ததற்கு மேல் கேட்பவர் பற்றுச்சீட்டுத் தரமாட்டார். பற்றுச்சீட்டுத் தராத பணம் திரும்பி வராது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளலாகாது என்று நல்கைக் குழு 2018-இலேயே அறிவித்துள்ளது. தரகரிடம் மூலச் சான்றிதழைக் கொடுப்பது, பிள்ளையின் மூக்கணாங்கயிற்றை அவர் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இனித் தலையாய வினாவிற்கு வருவோம். பயிற்றுமொழி எது?

அரசு கலைக் கல்லூரிகளுக்கு இப்போது இணையவழியே விண்ணப்பம். ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளையும் பல பாடங்களையும் குறிக்கலாம். தமிழ்ப் பட்டப்படிப்புக்குத் தமிழ்ப்பாட மதிப்பெண்ணையும், ஆங்கிலப் பட்டப்படிப்புக்கு ஆங்கிலப்பாட மதிப்பெண்ணையும், ஏனையவற்றுக்கு மொழியல்லாத நான்கு பாடங்களின் மதிப்பெண்ணையும் கொண்டு தரவரிசை அமைகிறது. இவ்விண்ணப்பத்தில் ஒரே பாடம் சில கல்லூரிகளில் இரண்டு வரியாக வரும்: ஒன்று தமிழ்வழி, மற்றொன்று ஆங்கிலவழி. கணிப்பொறி நிலையத்தில் அமர்ந்திருக்கும் பையன், "எது வேண்டும்?" என்று கேட்பான், சில வேளை கேட்காமலே ஆங்கிலவழியைத் தட்டிவிடுவான். "ஆங்கிலவழிதான் பெருமை" என்று பின்னால் வரிசையில் நிற்பவர் சொல்வார். அந்த ஒரு நொடியில் ஒரு பிள்ளை இழப்பது என்ன என்பதை அங்கிருப்போர் எவரும் அறிவதில்லை.

தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணியில் முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. நேரடியாக நிரப்பப்படும் பணியிடங்களில் 20 விழுக்காடு தமிழ்வழியில் பயின்றோர்க்கு உரியது. இஃது ஒவ்வோர் ஒதுக்கீட்டுப் பிரிவுக்குள்ளும் கணக்கிடப்படும். மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 20 இடம் இருந்தால் அவற்றுள் 4 இடம் அப்பிரிவில் தமிழ்வழி பயின்றோர்க்கு. தொடக்கத்தில் பட்டப்படிப்பை மட்டும் தமிழ்வழியில் முடித்தவரும் இவ்வுரிமையைப் பெற்றுவந்தனர். 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மாற்றியது: பள்ளி தொடங்கிப் பணிக்குரிய கல்வித்தகுதி வரை எல்லாப் படியும் தமிழ்வழியாக இருத்தல் வேண்டும். இத்திருத்தத்தின் பொருளை ஊன்றி நோக்குக. பன்னிரண்டு ஆண்டும் தமிழில் படித்த மயிலத்துப் பெண், பட்டப்படிப்பில் மட்டும் ஆங்கிலவழியில் சேர்ந்துவிட்டால், பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் முதல் தொகுதித் தேர்வில் அந்த 20 விழுக்காட்டுக்கு உரியவள் ஆகமாட்டாள். பன்னிரண்டு ஆண்டு உழைப்பு ஒரு தட்டலில் போயிற்று! நகரத்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவரோ அந்த இடத்திற்கு வரவே முடியாது. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கென்றே வேலியிட்ட தோட்டம் அது. அந்த வேலியைத் தாண்டி வெளியே போய்விட்டு உள்ளே இடமில்லை என்று பின்னர் வருந்துவதில் பயனென்ன?

"தமிழில் படித்தால் ஆங்கிலம் வராதே, வெளியில் வேலை கிடைக்காதே" என்பார் உளர். இவ்வச்சம் வீண் அச்சம் என்று ஒரேயடியாய்த் தள்ளிவிடுதலும் நேர்மையாகாது. தனியார் நிறுவனங்கள் ஆங்கிலம் கேட்கின்றன, அது கண்கூடு. ஆனால் ஆங்கிலத்தைக் கற்பது வேறு; வரலாற்றையும் பொருளியலையும் ஆங்கிலத்தில் உருப்போடுவது வேறு. தமிழ்வழி மாணாக்கர்க்கும் ஆங்கிலம் ஒரு மொழிப்பாடமாக இருக்கவே செய்கிறது. அதனை ஊன்றிக் கற்றால் மொழியும் கைவரும், பாடமும் மண்டையில் ஏறும். புரியாத மொழியில் பாடத்தை எழுதிக்கொண்டு, கையேட்டை மனப்பாடம் செய்து தேறிவரும் பிள்ளைக்குப் பாடமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை; கையில் ஒரு தாள்தான் உண்டு. அரசுப் பணித் தேர்வுகளிலும் 2021 இறுதியில் வந்த ஆணையின்படித் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு மதிப்பெண் பெறாதவரின் ஏனைய தாள்கள் கணக்கில் வாரா.

கல்லூரிப் பாடங்களுக்குத் தமிழில் நூலில்லை என்பது பழைய பல்லவி. 1960-இல் கோவை அரசுக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்புத் தொடங்கியபோதே இந்தப் பல்லவி பாடப்பட்டது. அதன்பின் அரசே பல நூறு கல்லூரி நூல்களைத் தமிழில் வெளியிட்டது. இயற்பியலும் வேதியியலும் மெய்யியலும் சட்டமும் அவற்றுள் உண்டு. பின்னர் அம்முயற்சி தளர்ந்தது. பல நூல்கள் மறுபதிப்பின்றிப் போயின. அறிவியற் பாடங்களில் இன்றைய வளர்ச்சிக்கு ஏற்ற தமிழ் நூல் போதாது என்பது உண்மையே. அக்குறை தமிழின் குறையாகாது. தமிழை மேடையில் மட்டும் அரியணை ஏற்றும் ஆட்சிகளின் குறை. அரசு கலைக் கல்லூரிகளில் நிலையான ஆசிரியர்க்குப் பகரமாக மதிப்பூதிய விரிவுரையாளர்களைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் காலந்தள்ளுவதும் அதே கையின் வேலைதான்.

பொறியியலிலும் இக்கதை உண்டு. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியல், எந்திரவியல் ஆகிய இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது. உறுப்புக் கல்லூரிகள் பலவற்றுக்கும் அது பரவியது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அப்பல்கலைக்கழகத்திற்கு உறுப்புக் கல்லூரிகள் உள்ளன என்பதை இப்பகுதிப் பெற்றோரே பலர் அறியார். 2023 மேத் திங்களில், சேர்வோர் குறைவு என்று காட்டி, உறுப்புக் கல்லூரிகள் பலவற்றில் அத்தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. இதில் கற்க வேண்டியது ஒன்றுண்டு. இடம் இருந்தும் கேட்பாரில்லை எனின், இல்லையென்று மூடிவிடுவது ஆள்வோர்க்கு எளிது. திண்டிவனத்துப் பிள்ளைகள் பத்துப்பேர் பெயர் சொல்லிக் கேட்டால் மூடுவது கடினம்.

தொழிற்கல்வியை நாடுவோர் அறிய வேண்டிய மற்றொன்று 7.5 விழுக்காடு. மருத்துவத்திற்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-இலும் அரசுப் பள்ளி மாணாக்கர்க்கென இது வகுக்கப்பட்டது. பொறியியற் கலந்தாய்வில் இவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பதே கட்டளை. பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் நகைகளை விற்று நாமக்கல் பக்கத்துத் தனியார் பள்ளி விடுதிகளில் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பெற்றோர் இங்கு மிகுதி. கூடுதலாக இருபது மதிப்பெண் வாங்கித் தருவார்கள் என்ற எண்ணத்தில் இந்த உரிமையை விற்றுவிட்டே அவர்கள் பேருந்து ஏறுகிறார்கள்.

கலைக் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கும் துணை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்வியில் சேரும் பெண்பிள்ளைகளுக்குத் திங்களுக்கு ஆயிரம் உருபா வழங்கும் திட்டம் 2022 செப்தம்பரில் தொடங்கியது. ஆண்பிள்ளைகளுக்கு 2024 ஆகத்தில் தொடங்கிய திட்டத்தில், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தோரும் சேர்க்கப்பட்டனர். பேருந்துச் செலவுக்கும் நூலுக்கும் அது போதும்.

இவற்றையெல்லாம் பெறுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை சான்றிதழ்கள்: குலச் சான்று, வருவாய்ச் சான்று, முதற்பட்டதாரிச் சான்று. தேர்வு முடிவு வந்தபின் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஓடினால், அங்கே முன்னமே ஓடிவந்தவர் நூறுபேர் நிற்பர். பங்குனியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுதல் நன்று. இதிலும் மிகக் கொடுமை இருளர் குடிப் பிள்ளைகளின் நிலை. திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் சுற்றிச் செங்கற் சூளைகளிலும் வயல்வெளிகளிலும் உழைக்கும் இம்மக்களுக்குப் பழங்குடிச் சான்று பெறுவதே ஒரு தேர்வாக இருந்து வந்துள்ளது. தாய்க்குச் சான்று இல்லை, ஆகவே மகளுக்கும் இல்லை. எலி பிடிக்கத் தெரியுமா என்று கேட்கும் அலுவலர் முன் பதினேழு அகவைப் பிள்ளை தலைகுனிந்து நிற்க வேண்டும்! திண்டிவனம் அரசுக் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் பிரபா கல்விமணி இம்மக்களின் சான்றிதழுக்காகவும் உயிர்க்காப்புக்காகவும் பல்லாண்டு போராடியவர். அதே ஊரில் தாய்த்தமிழ்ப் பள்ளியையும் கண்டவர். சேர்க்கைக் காலத்தில் இளைஞர்கள் செய்யத்தக்க தொண்டு ஒன்று உண்டெனின், ஓர் இருளர் பிள்ளையைக் கோட்டாட்சியர் அலுவலகத்திற்கு அழைத்துச் சென்று, சான்று கைக்கு வரும்வரை உடன் நிற்பதே அது.

கடைசியாக, கல்லூரியை விட்டு வெளிவரும் நாளைப் பற்றி ஒன்று. தமிழ்வழியில் பயின்றேன் என்று வாயால் சொல்வதைத் தேர்வாணையம் ஏற்பதில்லை. தேர்வைத் தமிழில் எழுதினேன் என்றாலும் போதாது. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பாடம், எந்தப் பயிற்றுமொழி என்று குறித்துக் கல்லூரி முதல்வர் கையொப்பமும் முத்திரையும் இட்ட சான்று வேண்டும். பள்ளிப் படிகளுக்கும் தலைமையாசிரியரிடம் அவ்வாறே பெறல் வேண்டும். பத்தாண்டு கழித்துத் தேர்வில் வென்றபின் மூடிப்போன தொடக்கப்பள்ளியின் பதிவேட்டைத் தேடி அலைந்தவர் பலர். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அதே நாளில், அதே சாளரத்தில், இச்சான்றையும் கேட்டு வாங்குக. வாங்கியவுடன் அங்கேயே நின்று, பயிற்றுமொழி என்ற இடத்தில் "தமிழ்" என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு நகர்க.